இரண்டு பம்ப் மாற்றியும் லேசாகாத ஸ்டீயரிங்: ஒரு 240 டி வண்டியின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1983-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி. டபிள்யூ 123 வரிசை, வலது கை ஓட்டு, 2,399 சி.சி. நான்கு சிலிண்டர் ஓ.எம். 616 டீசல் எஞ்சின். 1976-இல் இந்த வரிசை வந்தபோது பல மாடல்களில் பவர் ஸ்டீயரிங் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான். 1982 செப்டம்பருக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் எல்லா மாடலுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இது அந்த வகை.

புகார் இதுதான்: மயிலாப்பூர் மாட வீதியில் வண்டியைத் திருப்பி நிறுத்த இரண்டு கையும் வேண்டும், ஈ.சி.ஆரில் போனால் குறையே தெரியாது. சில நாள் காலையில் லேசாக இருக்கும், அடுத்த சிக்னலிலேயே கல்லாகிவிடும். பாதி திருப்பத்தில் திடீரென்று கனத்து, மறுபடி லேசாகும். பானட்டைத் திறந்தால் பம்ப் பக்கம் முனகல் சத்தம். வண்டிக்கு அடியில் சிவப்பாகச் சில சொட்டுகள்.

வேகத்தில் லேசு, நிற்கும்போது கனம் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஓடும் வண்டியில் பவர் உதவி இல்லாவிட்டாலும் சக்கரம் ஓரளவு இலகுவாகத்தான் திரும்பும். இந்தப் புகாரில் துப்பு கொடுப்பது கனம் நிலையாக இல்லை என்பதுதான். பம்ப் தேய்ந்திருந்தால் ஆயில் சூடாகி இளகும்போது கனம் கூடும். ஒவ்வொரு நாளும் அதே கதை நடக்கும். ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் (ஸ்டீயரிங் வட்டின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) சீல் கெட்டியாகியிருந்தால் பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சினில் கனத்து, சூடேறியதும் தேவலையாகும். மாறி மாறி வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு வால்வு சிக்கிச் சிக்கி விடுபடுகிறது, அல்லது காற்று போகிறது. இங்கே இரண்டுமே இருந்தன.

அதற்கு முன் செய்தவை

ரிட்டர்ன் ஹோஸ் (பாக்ஸிலிருந்து ஆயில் பம்ப்புக்குத் திரும்பும் ரப்பர் குழாய்) ஒழுகியதால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதை மாற்றியிருக்கிறார்கள். சில மாதம் கழித்து ஸ்டீயரிங் கனத்தது. "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்று பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எடுத்த பழைய பம்ப் ஒன்றைப் போட்டார்கள். நன்றாக ஓடியது, பிறகு அதே கோளாறு. இன்னொரு பம்ப் தேடிப் போட்டார்கள். அதுவும் அப்படியே. இதற்கிடையே வட்டில் ஆட்டம் இருக்கிறது என்று ஸ்டீயரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவையும் யாரோ திருகியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன மருந்து, பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்வது.

ஒரே கோளாறு இரண்டாவது பம்ப்பிலும் வந்தால் பம்ப்பைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட வேண்டும். புதுப்பேட்டைப் பம்ப் எல்லாம் மோசம் என்பது எளிதான விளக்கம். ஆனால் இரண்டுமே சில வாரம் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. பொருத்திய பிறகு எதுவோ அவற்றைக் கெடுத்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தவை

முதலில் முன் டயர் காற்று. அடுத்து பெல்ட்: வி-பெல்ட் புல்லியின் பள்ளத்தில் இரு பக்கச் சுவரையும் பிடித்து ஓட வேண்டும், அடியில் உட்காரக் கூடாது. இங்கே பெல்ட்டும் அதன் இறுக்கமும் சரி, பக்கவாட்டில் பளபளப்பும் இல்லை. மழைக்காலத்தில் வேளச்சேரிப் பக்கம் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கனத்து, கீச்சென்ற சத்தம் வந்தால் பெரும்பாலும் பெல்ட் நனைந்து வழுக்குவதுதான், காய்ந்ததும் சரியாகிவிடும். அது வேறு கதை.

ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 750 சுற்று அளவில் இருந்தது. பழைய டீசலில் ஐடிலை 600-க்கு இறக்கி வைத்துவிட்டு ஸ்டீயரிங் கனம் என்பார்கள். பம்ப் எஞ்சின் சுற்றுக்கு ஏற்பத்தான் ஆயில் தள்ளும் என்பதால் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

பிறகு ஓர் அளவு எடுத்தோம். எஞ்சின் ஐடிலில், வண்டி உலர்ந்த சிமென்ட் தரையில் நிற்க, ஸ்டீயரிங் வட்டின் விளிம்பில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்ததில் 14 கிலோ வரை காட்டியது. இந்த எண்ணைக் குறித்து வைப்பது அவசியம். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே காற்றழுத்தத்தில் மறுபடி அளந்தால்தான் தேறியதா என்று சொல்ல முடியும். கை சொல்லும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

ரிசர்வாயரைத் திறந்ததும்

இந்த வண்டியில் ரிசர்வாயர் தனி டப்பா அல்ல, பம்ப்பின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங், அதன் கீழே உருளை வடிவத்தில் ஒரு பேப்பர் ஃபில்டர். பாக்ஸிலிருந்து திரும்பி வரும் ஆயில் இந்த ஃபில்டரைக் கடந்துதான் மறுபடி பம்ப்புக்குப் போகும். இப்படி ஒரு ஃபில்டர் இருப்பதே பல ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தெரியாது. ஆயில் ஊற்றுவார்கள், மூடுவார்கள்.

ஆயில் அளவு குறியிலிருந்து நன்றாகக் கீழே. மேலே பழுப்பு நுரை. சிவப்பாக இருக்க வேண்டிய ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், இந்த ஸ்டீயரிங்குக்கும் ஊற்றும் ஆயில்) டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஃபில்டரை வெளியே எடுத்தால் மடிப்புகளுக்குள் கருப்பு மசி போல அடைத்திருந்தது. அந்த மசியைக் கொஞ்சம் வெள்ளைத் தாளில் தடவிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, ஆனால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மினுமினுப்பாக இருந்தால் உலோகம், பம்ப்போ பாக்ஸோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாமல், விரலில் நசுக்கினால் கருமை அப்பிக்கொண்டால் ரப்பர். இது ரப்பர்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கை ஆயில் மேலே தள்ளிவிட்டு, ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பம்ப்புக்குள் போகும். ஆயிலே இல்லாமல் பம்ப் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலில் ஓடுவது மேல் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் ஃபில்டர் இருந்தும் இல்லாத கணக்குதான்.

கேஜ் சொன்னது

பம்ப்பா பாக்ஸா என்ற கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. பம்ப்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் அழுத்தக் குழாயின் நடுவே 0–160 பார் வரை காட்டும் அழுத்தக் கேஜையும், கேஜுக்கு அப்பால் பாக்ஸ் பக்கமாக ஒரு ஷட்-ஆஃப் வால்வையும் இணைத்தோம். ஆயிலை நிரப்பி, நுரை அடங்கும்வரை விட்டு, ரிசர்வாயரில் 60 டிகிரி அளவுக்குச் சூடானதும் எஞ்சினை ஐடிலில் வைத்து வால்வை மூட வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்கவே கூடாது. பம்ப் தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

வால்வை மூடினால் பாக்ஸுக்கு ஆயில் போகாது. அப்போது கேஜ் காட்டுவது பம்ப்பின் முழுத் திறன் மட்டுமே. பயணிகள் கார்களில் இது பொதுவாக 70-லிருந்து 100 பார் வரை இருக்கும். சரியான எண்ணை அந்தந்தப் பம்ப்புக்கான கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே முதல் முறை 31 பார், அடுத்து 24, பிறகு 38. முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆக, பாக்ஸை ஓவர்ஹால் செய்யச் சொன்னதற்கு அடிப்படையே இல்லை. குறை பம்ப்புக்குள். ஆனால் தேய்ந்த பம்ப் இப்படிக் குதிக்காது. குறைவாகக் காட்டினாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். ரிலீஃப் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

பம்ப்புக்குள்

ரிசர்வாயரைப் பிரித்து, பம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வை வெளியே எடுத்தோம். ஒரு ஸ்பூல் (துளைக்குள் முன்னும் பின்னும் நகரும் உருளை), அதன் பின்னால் ஸ்பிரிங்; ஸ்பூலின் உள்ளேயே அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் சிறு ரிலீஃப் வால்வு. அந்தச் சிறு வால்வின் இருக்கையில் கடுகளவு ரப்பர் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அது இருக்கும்வரை வால்வு முழுதாக மூடாது, ஆயில் பாக்ஸுக்குப் போகாமல் பம்ப்புக்குள்ளேயே சுற்றும். துண்டு அசையும்போது கனமும் மாறும். பாதித் திருப்பத்தில் கனத்து லேசானதற்கு இதுதான் காரணம்.

ஸ்பூல் அதன் துளையில், ஆயில் பூசிய நிலையில், தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இங்கே இடையில் பிடித்தது. ரப்பர் மசி படிந்திருந்தது. கெரசினில் கழுவியதும் விட்டுவிட்டது. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கக் கூடாது, இடைவெளி கூடினால் ஆயில் கசியும். சிறு பிசிறு இருந்தால் நயமான ஆயில் ஸ்டோனில் ஒரு தொடு தொட்டால் போதும். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் ஒன்று உள்ளே போனால் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டியதுதான்.

பம்ப்பின் நடுவில் சுழலும் ரோட்டர், அதில் செருகிய வேன் தகடுகள், அவற்றைச் சுற்றியிருக்கும் கேம் ரிங் எல்லாவற்றையும் பார்த்தோம். கேம் ரிங்கின் உள்சுவரில் நகத்தில் இடறும் அளவுக்கு அலையோ கோடோ இல்லை. திரும்ப மாட்டும்போது வேன் தகடுகளின் உருண்டை விளிம்பு வெளியே, கேம் ரிங்கைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பம்ப் ஓடும், ஆனால் கேம் ரிங்கை அரித்துவிடும். கேம் ரிங்கைக் கழற்றும் முன்பே எந்தப் பக்கம் மேலே என்று குறி வைத்துக்கொள்வது நல்லது. சீல் கிட் புதிதாகப் போட்டு, ரிசர்வாயருக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள ஓ-ரிங்கையும் மாற்றினோம். பம்ப்பை மாற்றவில்லை. புதுப்பேட்டையில் வாங்கிய அதே பம்ப்தான் இன்றும் ஓடுகிறது. முன்னால் தூக்கிப் போட்ட பம்ப்பும் நல்லதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ரப்பர் எங்கிருந்து வந்தது

ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றியபோது கிளாம்ப் இருந்த இடத்தில் ரப்பர் ஊறிப் பிதுங்கியிருந்தது. நீளவாக்கில் பிளந்து பார்த்தால் உள்சுவர் சேறு போல. விரல் வைத்தால் துண்டு துண்டாக வந்தது. மேலே எந்த எழுத்தும் அச்சிடப்படாத ஹோஸ். ஒர்க்‌ஷாப்பில் கைக்கு எட்டியதை, அதாவது ஹீட்டர் ஹோஸை, அளவு பார்த்து வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஹீட்டருக்கும் ரேடியேட்டருக்கும் வரும் ஹோஸ் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பர். கொதிக்கும் தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் அது நல்ல ரப்பர். மினரல் ஆயில் பட்டால் ஆயிலைக் குடித்து ஊதி, வலுவிழந்து உதிரும். ஏ.டி.எஃப். மினரல் ஆயில். இதற்கு நைட்ரைல் போன்ற ஆயில் தாங்கும் ரப்பர் வேண்டும். போதாததற்கு வலது கை 240 டி-யில் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும் அதே பக்கத்தில்தான் எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இருக்கிறது. சென்னை மே மாதத்தில், கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த மூலையின் சூடு ஹோஸை இன்னும் சீக்கிரம் கரைக்கும்.

இங்கிருந்து பார்த்தால் எல்லாப் புகாரும் ஒரே நூலில் கோத்துக்கொள்ளும். ஹோஸ் ஊறி கிளாம்ப்பின் பிடி தளர்ந்தது, ஆயில் சொட்டியது. அளவு இறங்கியதும் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சியது: நுரையும் முனகலும் அதனால். உதிர்ந்த ரப்பர் ஃபில்டரை அடைத்தது, பிறகு அதைச் சுற்றிக்கொண்டு ரிலீஃப் வால்வில் போய் உட்கார்ந்தது. பம்ப்பை மாற்றியபோதெல்லாம் ஹோஸும் ஃபில்டரும் அப்படியே இருந்ததால் அடுத்த பம்ப்புக்கும் அதே கதி.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் "ஆயில் ஹோஸ்" என்று பொதுவாகக் கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார்கள். "பவர் ஸ்டீயரிங் ரிட்டர்ன் ஹோஸ்" என்று கேட்டு, மேலே எஸ்.ஏ.இ. ஜே 189 என்ற அச்சு இருக்கிறதா பார்க்கலாம். கிடைக்காவிட்டால் ஜே 1532 என்று அச்சிட்ட ட்ரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் ஹோஸும் ஆகும். அச்சே இல்லாத ஹோஸ்தான் கிடைக்கிறது என்றால் ஓர் அங்குலம் வெட்டி, வெர்னியரில் விட்டத்தைக் குறித்து, மூடிய பாட்டிலில் ஏ.டி.எஃப். ஊற்றி அதில் போட்டு வைத்தால் இ.பி.டி.எம். எனில் ஓரிரு நாளில் ஊதியிருப்பது தெரிந்துவிடும். அவசரமான வேலைக்கு ஒத்துவராத சோதனைதான். ஆனால் இன்னொரு பம்ப் வாங்குவதைவிட மலிவு.

அழுத்தக் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வண்டியில் அது நன்றாக இருந்தது, தொடவில்லை. பலர் அதை ஹைட்ராலிக் கடையில் புதிதாக கிரிம்ப் செய்து வாங்குகிறார்கள். ஜே.சி.பி.-க்குப் போடும் ஹோஸ் அழுத்தத்தைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங்குக்கு என்றே செய்யும் ஜே 188 ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுத்து பம்ப்பின் துடிப்பை விழுங்கும். விறைப்பான ஹைட்ராலிக் ஹோஸ் அந்தத் துடிப்பை அப்படியே வட்டுக்குக் கடத்தும், கையில் ரீங்காரம் கேட்கும். மறை (திருகுப் புரி) விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மன் வண்டியில் மெட்ரிக் மறை, 1.5 மி.மீ. பிட்ச் (புரிக்குப் புரி தூரம்). கடையில் கைவசம் இருப்பது பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் குழாய் மறை, கால் அங்குல அளவில் அங்குலத்துக்கு 19 மறை. 14 மி.மீ. மெட்ரிக் மறையான எம் 14-க்குப் பதில் கால் அங்குல பி.எஸ்.பி.-யை வைத்தால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும்; ஸ்பானரால் வற்புறுத்தினால் பம்ப்பின் மறை போய்விடும். பிட்ச் கேஜை வைத்துப் பார்க்காமல் எதையும் முறுக்கக் கூடாது.

கழுவுதலும் நிரப்புதலும்

பழைய ஆயிலை ரிசர்வாயரிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவது கழுவுதல் ஆகாது. பாக்ஸுக்குள்ளும் குழாய்களிலும் மசி தங்கிவிடும். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ரிசர்வாயரின் ரிட்டர்ன் வாயை அடைத்துவிட்டு, பாக்ஸிலிருந்து வரும் குழாயை ஒரு கேனில் விட்டோம். எஞ்சினை ஓட்டாமலேயே வட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பினால் பாக்ஸில் உள்ள ஆயில் வெளியே வரும். பிறகு ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் எஞ்சினைச் சில விநாடி ஓட்டி நிறுத்தினார். பம்ப் நிமிடத்துக்குப் பல லிட்டர் தள்ளும். கண் இமைப்பதற்குள் ரிசர்வாயர் காலியாகிவிடும். உலர ஓடவிடக் கூடாது.

வெளியே வந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தோம். முதல் லிட்டரில் கருப்புத் துண்டுகள், மூன்றாவதில் சில புள்ளிகள், நான்காவது சுத்தம். அமைப்புக்குள் பிடிப்பது ஒன்றரை லிட்டருக்குள்தான். மொத்தம் ஆறு லிட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது. டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். போதும், அல்லது மெர்சிடிஸ் 236.3 தரத்தில் வரும் ஸ்டீயரிங் ஆயில். பிரேக் ஆயிலை இதில் ஊற்றினால் சீல் அத்தனையும் போய்விடும்.

புது ஹோஸ், புது ஃபில்டர். கிளாம்ப் துளையில்லாத பட்டை வகை. புழு மறைக் கிளாம்ப்பின் துளைகள் மெல்லிய ஹோஸை வெட்டும். எஞ்சின் அசைவுக்கு ஹோஸில் கொஞ்சம் தளர்வு விட்டு, மேனிஃபோல்டிலிருந்து ஒதுக்கிக் கட்டினோம். காற்றை எடுக்க, எஞ்சின் ஓடாமல் இருபது முறைபோல வட்டைக் கோடிக்குக் கோடி திருப்பி, அளவு பார்த்து, பிறகு ஐடிலில் அதையே செய்தோம். கடைசி வெட்டில், அதாவது வட்டு அதற்கு மேல் திரும்பாத கோடியில், இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நுரை இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. ரிசர்வாயர் குறி சூடான ஆயிலுக்கு உரியது. குளிர்ந்த நிலையில் சற்றுக் கீழே இருக்க வேண்டும்; குறிவரை ஊற்றினால் சூடேறியதும் பொங்கும்.

மறுபடி கேஜ்: வால்வு மூடிய நிலையில் 84 பார், முள் அசையவில்லை. வால்வைத் திறந்துவிட்டு, வெட்டு நிறுத்தத்தில் கட்டை கொடுத்து, கடைசிக் கோடிக்குச் சற்று முன்பே சக்கரம் நிற்கும்படி செய்து அளந்தால் 81. சில பாக்ஸ்களில் கடைசி வெட்டில் அழுத்தத்தைத் தானே குறைக்கும் வால்வு இருப்பதால்தான் கட்டை. இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்றால் பாக்ஸின் உள் சீல்கள் நலம். ஸ்பிரிங் தராசில் 14 கிலோ 3 ஆனது.

மிச்சமிருந்த பிடிப்பு

ஓட்டிப் பார்த்ததில் ஒன்று உறுத்தியது. திருப்பம் முடிந்து கையைத் தளர்த்தினால் வட்டு தானாக நேருக்கு வரவில்லை. இந்த வண்டியின் கேஸ்டர் கோணம் (முன் சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) தாராளமானது, அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி நேருக்கு ஓடி வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ உராய்வு.

பாக்ஸின் ஷாஃப்ட்டில் மாட்டிய பிட்மேன் ஆர்மிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் இணைப்பு ராடுகளைப் புல்லர் போட்டுக் கழற்றிவிட்டு வட்டைத் திருப்பியதில் நடுவில் கட்டி போலப் பிடித்தது. பாக்ஸ் அட்ஜஸ்ட்மென்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். வட்டில் ஆட்டம் இருந்தது உண்மைதான், ஆனால் அது எதிர்ப் பக்கத்தில் ராடுகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் புஷ் தேய்ந்ததால் வந்தது. ஆர்மைக் கையால் பிடித்து ஆட்டினாலே தெரிந்தது. புஷ் கிட் போட்டு, சக்கரத்தை நேராக வைத்த நிலையில் போல்ட்டை இறுக்கிய பிறகு, பாக்ஸ் ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பது பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும். கால் சுற்று திருப்பி, பிடிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று வட்டில் கை வைத்துப் பார்த்தே அடுத்த கால் சுற்று. விளிம்பில் 25 மி.மீ. வரை ஆட்டம் இந்த பாக்ஸுக்கு ஏற்கத்தக்கது. பூஜ்யம் ஆக்க முயன்றால் பற்கள் தேயும்.

500 கி.மீ. ஓடியதும் ஃபில்டரை எடுத்துப் பார்த்ததில் மடிப்புகளில் சில கருப்புப் புள்ளிகள். மூலையில் தங்கியிருந்த மிச்சம். எதிர்பார்த்ததுதான் என்பதால் இரண்டாவது ஃபில்டரையும் முன்பே வாங்கி வைத்திருந்தோம். அதற்கு அடுத்த சோதனையில் சுத்தம், ஆயில் சிவப்பாகவே இருந்தது. பிட்மேன் ஷாஃப்ட் சீலில் லேசான ஈரம் இருக்கிறது, இன்னும் சொட்டவில்லை. மாதம் ஒருமுறை அளவு பார்த்து வந்தால் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். சொட்ட ஆரம்பித்தால் பாக்ஸை இறக்கித்தான் சீல் மாற்ற வேண்டியிருக்கும், அப்போது ஆர்மும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் குறி போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும்.